ஒன்பது யானைகளும் ஒரு கொப்பும்

வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகும் அரசு விஞ்ஞானி தன் கட்டுரையை மறந்துவிட்டுப் போனால் மன்னிப்பு உண்டு. நினைவுப் பரிசை மறந்தால் கிடையாது. எங்கள் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இது எழுதப்படாத விதி. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மே மாதம் நான் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இயக்குநர் என்னை ஸ்டோர் ரூமுக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த அட்டைப் பெட்டியைக் காட்டி, "ஒன்பது நாட்டுக்காரங்க வர்றாங்க. நாட்டுக்கு ஒரு யானை. சால்வையும் மறந்துடாதீங்க" என்றார்.

பெட்டிக்குள் ஒன்பது மர யானைகள். எப்போதோ ஓர் அமைச்சர் வருவதாக இருந்த விழாவுக்காக வாங்கியவை. அமைச்சர் வரவில்லை, யானைகள் தங்கிவிட்டன. பெட்டியின் அடியில் கோதுமை மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. பாலிஷ் உதிர்கிறது என்று நினைத்து, துண்டால் ஒவ்வொரு யானையையும் துடைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினேன். மரத்தைத் துளைக்கும் பூச்சிகளைப் பற்றிப் படித்தும் எழுதியும் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

காட்டுப் பூச்சிகளையும் மர நோய்களையும் சமாளிக்க இனிமேல் என்னென்ன ஆராய்ச்சி தேவை என்று பத்து வரிகளில் ஒரு பட்டியல் தயாரிப்பதுதான் கூட்டத்தின் நோக்கம். பட்டியலில் ஏறும் பூச்சிக்கு அடுத்த சில வருடங்கள் பல நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்யும். ஏறாத பூச்சிக்கு அனுதாபம் தெரிவிக்கும். எனக்கு ஒரே ஒரு பூச்சியை அதில் ஏற்றியாக வேண்டும். அது தைலமரக் குளவி. கடுகில் பாதி இருக்காது. தைலமரத்தின் இலை நரம்பிலும் காம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடம் கொப்புளம் கொப்புளமாக வீங்கி, கன்று வளராமல் குன்றிப்போகும். குளவியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே அதைத் தின்று அடக்கிவைக்கும் எதிரிப்பூச்சி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப்பிடித்துச் சோதித்துக் கொண்டுவர எங்கள் நிறுவனத்தால் மட்டும் முடியாது.

அறந்தாங்கிப் பக்கம் கருப்பையா என்றொரு விவசாயி இருக்கிறார். ஆறு ஏக்கரில் தைலமரம் வைத்தவர். கிளம்பும் முன் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் வெளிநாடு போகிறேன் என்று கேள்விப்பட்டதும், வீங்கின இலைகளோடு ஒரு கொப்பை ஒடித்துத் தாளில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"சார், இத அங்க காட்டுங்க. போட்டோவுல பாத்தா அவுகளுக்கு என்ன புரியும்? நேர்ல பாக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம். உயிருள்ள கொப்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய குற்றம், ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போவது இப்படிப்பட்ட அசட்டையால்தான் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். பிறகு அவருடைய மரங்களை டிஜிட்டல் கேமராவில் நாற்பது படம் எடுத்துக்கொண்டேன். அவர் கொப்பைக் கீழே போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு என் ஜீப் போகிற வரை நின்றார்.

யானைகளோடு, கூட்டம் நடக்கும் வுப்பர்டால் நகருக்குப் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லை, கடைகளும் இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அங்கே ஆற்றுக்கு மேலே ஒரு ரயில், உச்சியில் உள்ள தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. நம் ஊரில் பஸ்ஸில் ஆள்தான் தொங்குவார், இங்கே வண்டியே தொங்குகிறதே என்று ஆசைப்பட்டு ஏறினேன்.

மூன்றாவது நிலையத்தில் ஜீன்ஸ் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து டிக்கெட் கேட்டார். பெருமையோடு காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. "வாங்கித்தானே வெச்சிருக்கேன், இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்று தமிழில் முனகினேன். எதிர் இருக்கையில் இருந்தவர் தலையைத் தூக்கினார்.

"தம்பி, நீங்கள் டிக்கெட் வேண்டினது சரி. குத்தேல்லை. ஏறமுந்தி அந்த ஒரேஞ்சுப் பெட்டிக்குள்ள விட்டுக் குத்தவேணும்."

ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு பூசைக்குப் போய்வந்த உடுப்பு. பரிசோதகரிடம் அவர் ஜெர்மனில் பேசப் பேச, நடுநடுவே "டொக்டர்" என்ற சொல் மட்டும் கேட்டது. என் பையில் தொங்கிய கருத்தரங்கு அட்டையைப் படித்திருக்கிறார். பரிசோதகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த நிலையத்தில் இறங்கிக் குத்திவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்காகப் பேசியவரும் என்னோடு இறங்கி, குத்தும் வரை பக்கத்தில் நின்றார்.

அவர் பெயர் அந்தோனி. மன்னார்க்காரர். எண்பதுகளில் அகதியாக வந்தவர்.

"டொக்டர் எண்டது நல்லதாப் போச்சு. வீட்டில மேரிக்கு முழங்கால் நோ. ஒருக்காப் பாப்பியளோ?"

"அண்ணே, நான் பூச்சிக்கு டாக்டர்."

"பூச்சிக்கும் வருத்தம் வருமோ?"

"பூச்சியால மரத்துக்கு வரும்."

"அப்ப சரி. நானும் மரத்தோடதான் நிக்கிறன்" என்றார். சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அவர் சொல்லும் 'பலெட்', செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. பூச்சி போகாமல் இருக்க மரத்தைச் சூளையில் வைத்துச் சூடாக்கி, முத்திரை குத்தி, வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. "இஞ்ச எல்லாத்துக்கும் குத்து வேணும் டொக்டர். டிக்கெட்டுக்குக் குத்து, மரத்துக்குக் குத்து, மனிசனுக்கும் குத்து. என்ர விசாவில குத்து விழப் பதினொரு வருசம்."

கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி மேரி அக்கா எனக்காக மீன் குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். சைவம் என்று சொன்னதற்கு அவர் என்மேல் பட்ட இரக்கம் கொஞ்சநஞ்சமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முன்பொரு காலத்தில் சர்க்கஸ்காரர்கள் அந்தத் தொங்கு ரயிலில் ஒரு யானைக்குட்டியை ஏற்றியதையும், அது மிரண்டு சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்து உயிர் பிழைத்ததையும் அந்தோனி அண்ணன் சொன்னார். இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதையாம். என்னிடமும் ஒன்பது யானை இருக்கிறது என்றேன். சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை பொன்னாடையோடு தொடங்கினேன். கூட்டம் நடந்தது ஊரோரம் காட்டை ஒட்டிய பயிற்சி மையத்தின் நூலகத்தில். சுவர், அலமாரி, கூரை எல்லாம் பழைய ஓக் பலகை. எங்களை அழைத்த பேராசிரியர் ஹார்ட்முட் சால்வையைக் கழுத்தில் போட்டபடியே, "யானைகள் கடைசி நாள் வரை இங்கேயே ஒன்றாக இருக்கட்டும், பார்க்க அழகாக இருக்கிறது" என்று ஒன்பதையும் ஓக் அலமாரியில் வரிசையாக நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு ஓர் அம்மையார் வந்து சின்ன வெண்கல மணியை அடித்தார். நிபுணர்களை ஒழுங்குபடுத்துவதே அவருக்கு உத்தியோகம். ஆளுக்கொரு கட்டு வண்ண அட்டை கொடுத்தார். பூச்சிக்குப் பச்சை, பூஞ்சணத்துக்கு மஞ்சள். ஓர் அட்டையில் ஒரு தேவைதான் எழுதலாம், ஏழு சொல்லுக்கு மேல் கூடாது. எழுதிப் பலகையில் குத்த வேண்டும். இங்கே ஆராய்ச்சிக்கும் குத்து என்று நினைத்துக்கொண்டேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பின்லாந்துக்காரர் வேரழுகல் பூஞ்சணத்தை எழுதினார், அவர் முப்பது வருடமாக அதைத்தான் வளர்க்கிறார். ஜெர்மன்காரர்கள் பட்டைவண்டை எழுதினார்கள். போலந்துக்காரர் ஓர் அந்துப்பூச்சியை எழுதிவிட்டு, அதன்மேல் யாரும் வேறு அட்டையைக் குத்திவிடாதபடி பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் மட்டும் என்ன, தைலமரக் குளவியைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். மாலைக்குள் தொண்ணூறு அட்டைகள் சேர்ந்தன. 'ஆராய்ச்சித் தேவைகளைக் கண்டறிய ஆராய்ச்சி தேவை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பலத்த ஆதரவு இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த அட்டைகளை இடம் மாற்றி மாற்றிக் குத்தினோம். மதியச் சாப்பாட்டில் சைவம் என்று கேட்டதற்கு உருளைக்கிழங்கு தந்தார்கள். அதற்குள் பன்றிக்கறித் துணுக்குகள் இருந்தன. "அது வாசனைக்குத்தான்" என்றார் பரிமாறியவர். இரவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும், எல்லாம் குளிர்ச்சியாக. அடுப்பைப் பற்றவைப்பதற்கு அந்த ஊரில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அனுமதி போலிருக்கிறது.

புதன்கிழமை காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் அடித்த பெரும்புயலில் மலைச்சரிவு முழுவதும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஒரு வனவர் கோடரியால் பட்டையை உரித்துக் காட்டினார். உள்ளே பட்டைவண்டு நேர்த்தியாக வரி வரியாகக் குடைந்திருந்தது. ஒரு நிபுணர் அவரிடம், உங்களுக்கு மிக அவசரமான ஆராய்ச்சித் தேவை எது என்று கேட்டார்.

"லாரி" என்றார் வனவர். "இந்த மரங்களை வண்டு பறக்கும் முன்னால் காட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். லாரியும் ஆளும் அனுப்புங்கள்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் 'போக்குவரத்துசார் பல்துறை அறிவு இடைவெளி' என்று புதிதாக ஓர் அட்டை பலகையில் ஏறியது. அந்த வனவரைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாக நூலகத்துக்குப் போனேன். ஜன்னல் வழியாக நல்ல வெயில். மூன்றாவது யானையின் வயிற்றுக்குக் கீழே, ஓக் பலகையின்மேல், மாவு குவிந்திருந்தது. ஏழாவதின் கீழும். ஒன்பதாவதின் கீழும். விரலில் தொட்டுத் தேய்த்தேன். பாலிஷ் இல்லை. யானைகளின் அடிவயிற்றில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள்.

மரத்தை மாவாக்கும் வண்டு. அதன் லத்தீன் பெயரை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஓக் என்றால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. கைக்குட்டையால் மாவைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்தேன். அன்றைய முதல் உரையின் தலைப்பு 'அந்நியப் பூச்சிகள் நாடு விட்டு நாடு போகும் வழிகள்'. பேசியவர் கப்பல், கன்றுகள், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் தலைக்குப் பின்னால் ஒன்பது யானைகள் அமைதியாக மாவு அரைத்துக்கொண்டிருந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், யானையை எதில் மறைப்பது? இடைவேளையில் பேராசிரியரிடம் போய், "எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. பரிசாகக் கொடுத்த யானைகளை நான்காம் நாள் ஒரு தமிழர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும்" என்றேன். நாக்கு கூசவில்லை. வழக்கம் என்று சொன்னால் வெள்ளைக்காரர் எதையும் கேள்வி கேட்பதில்லை. பேராசிரியர் தலைவணங்கினார். போலந்துக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஊர்வலத்தைப் படம் எடுக்கலாமா என்று பின்லாந்துக்காரர் கேட்டார். கூடாது, அதுவும் வழக்கம் என்றேன்.

மையத்து அலுவலகத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை வாங்கி, அதில் யானைகளைப் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, டிக்கெட்டைக் கவனமாகக் குத்தி, அதே தொங்கு ரயிலில் பட்டறைக்குப் போனேன். அந்தோனி அண்ணன் ஒரு யானையை எடுத்துத் தன் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மாவு கொட்டியது.

"டொக்டர், இது உளுத்துப்போச்சு. இதை ஆர் பாத்து அனுப்பினது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டறை மைஸ்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். மைஸ்டர் என்றால் அங்கே தலைமைத் தொழிலாளி. "சூளையில வைக்கலாமாம். முத்திரை குத்த ஏலாதாம். முத்திரை பலெட்டுக்குத்தானாம், யானைக்குக் குத்திறதெண்டா அன்ட்ராக் எழுதிக் குடுக்கட்டாம்" என்றார். விண்ணப்பத்தைத்தான் சொல்கிறார். அன்று சூடாக்க வைத்திருந்த பலகைகளுக்கு நடுவே யானைகளும் உள்ளே போயின. நடுமரத்தில் ஐம்பத்தாறு பாகைச் சூடு, அரை மணித்தியாலம் நிற்க வேண்டும் என்றார். புத்தகத்தில் நான் அதைப் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். சூளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆறவைத்து வெளியே எடுத்தபோது எனக்கு மூச்சு வந்தது. "நல்ல வேளை அண்ணே, யாருக்கும் தெரியாம முடிஞ்சுது."

அவர் ஒரு யானையைக் கவிழ்த்து ஓட்டைகளைக் காட்டினார். "இது உள்ளுக்குப் போன ஓட்டை இல்லை டொக்டர். வெளிய வந்த ஓட்டை. உள்ள கிடந்ததை நான் அவிச்சுப்போட்டன். வெளிய போனது எங்க?"

நான் யானைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தேன்.

"நாங்கள் இஞ்ச ஒரு பலெட்டில பிழை விட்டாலே மைஸ்டரிட்டச் சொல்லோணும். சொல்லாமல் விட்டாத்தான் வேலை போகும். சொன்னாப் போகாது. நீங்கள் பெரிய படிப்புப் படிச்சனியள், உங்களுக்குத் தெரியாததே."

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு. பிடித்த அட்டைகளில் ஒட்ட வேண்டும், சொந்த அட்டைக்கு ஒன்றுதான் ஒட்டலாம். முந்தின நாள்களில் கருப்பையாவின் மரங்களை எல்லோருக்கும் படத்தில் காட்டியிருந்தேன். நால்வர், "பாவம், பொட்டு வைக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். நான்கும் என்னுடையதும் சேர்ந்து ஐந்து. பத்தாவது வரிக்கு அது போதும். வாயை மூடிக்கொண்டிருந்தால் குளவி ஏறிவிடும். திறந்தால், தன் பெட்டியையே சோதிக்கத் தெரியாதவனின் பூச்சிக்கு எவன் பொட்டு வைப்பான்?

யானைகள் மறுபடி அலமாரியில் நின்றன. நான் அந்த ஓக் பலகைகளைப் பார்த்தேன். எத்தனை வருடத்துப் பலகையோ. மணி அடிக்கும் முன்பே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோர் ரூம், மாவு, துண்டு, இல்லாத வழக்கம், சூளை.

முதலில் பின்லாந்துக்காரர்தான் மெல்லக் கேட்டார்: "உயிரோடு ஒன்றாவது மிச்சமிருக்கிறதா?"

எல்லாவற்றையும் அவித்துவிட்டோம் என்றேன். அத்தனை முகங்களும் வாடிவிட்டன. அடுத்த நிமிடம் டார்ச் விளக்குகள் வந்தன. வயதான நிபுணர்கள் மண்டியிட்டு அலமாரிக்கு அடியில் ஊர்ந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் பேராசிரியர் ஹார்ட்முட் உயிருள்ள ஒரு வண்டைப் பிடித்து, கண்ணாடிக் குவளையில் போட்டு, முதல் பேரனைத் தூக்கியவர் மாதிரி எல்லோருக்கும் காட்டினார். பலகைகளையெல்லாம் திங்கட்கிழமையே ஆள் வைத்துச் சோதிப்பதாகச் சொன்னார். என்மேல் யாருக்கும் கோபமில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக அந்த அறையில் ஒரு பூச்சி இருந்தது.

பச்சை அட்டை ஒன்று புதிதாக ஏறியது: 'மரக் கைவினைப் பொருள்கள் வழியே பூச்சிப் பரவல்'. பொட்டுகள் மழையாக விழுந்தன. போலந்துக்காரர்கூடத் தன் அந்துப்பூச்சியை மறந்துவிட்டு அதில் இரண்டு ஒட்டினார். எனக்கு வாக்குக் கொடுத்த நால்வரும் அதில்தான் ஒட்டினார்கள். பட்டியலில் முதல் வரி அதுதான். தைலமரக் குளவியின்மேல் ஒற்றைப் பொட்டு இருந்தது, நான் ஒட்டியது. அம்மையார் மணியை அடித்து, மீதி அட்டைகள் 'பிற' என்ற தலைப்பில் பின்னிணைப்பில் சேரும் என்று அறிவித்தார்.

விமான நிலையத்துக்கு அந்தோனி அண்ணன் வந்திருந்தார். மேரி அக்கா கொடுத்தனுப்பிய பொதியில் புளிச்சாதம். "சொன்னனீங்களோ?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "வேலை போகேல்லைத்தானே?" என்றார். இல்லை, கூடிவிட்டது என்றேன்.

உண்மைதான். இயக்குநர் மகிழ்ச்சியில் எனக்கே பொன்னாடை போர்த்தினார். நம் நிறுவனத்தால் ஒரு பூச்சி முதல் வரியில் ஏறியிருக்கிறதே. அடுத்த சில வருடங்களுக்கு மர யானைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நான் இந்தியப் பொறுப்பாளர்.

அறந்தாங்கிக்கு மறு வாரமே போனேன். கருப்பையா ஆறு ஏக்கரில் இரண்டு ஏக்கரைப் பிடுங்கி, வரப்போரம் அடுக்கியிருந்தார். நிழல் இல்லாததால் ஜீப்பின் ஓரமாகவே நின்று பேசினோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப அந்த வண்டு நேர்ல போச்சு" என்றார் கடைசியில். "நம்ம குளவி போட்டோவுல போச்சு."

நான் தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கே கொப்பைக் கையில குடுத்தேன்ல சார்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது ஏக்கரைப் பிடுங்கப் போனார்.